தொங்கிய சக்கரம்

அத்தியாயம் 9

ஷட்டர் இறங்கியபோது இடி விழுந்தது போல ஒரு சத்தம். அது அடங்கியதும், வெளியே பூட்டுக்குள் சாவி திரும்பும் சின்னச் சத்தம். துப்பறிவாளரின் உதவியாளான ரேடியோவைத் திரும்பிப் பார்க்க வைத்தது இரண்டாவது சத்தம்தான்.

"சார், நம்மளப் பூட்டிட்டாங்க."

துப்பறிவாளர் திரும்பவில்லை. படகு ஏற்றிய டிரெய்லரின் இடது பக்கத்தில், சக்கரம் கழன்று போன அச்சு முனையின் ஹப்புக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல. ஒரு தகவலுக்குச் சொன்னேன்."

"ம்," என்றார்.

ரேடியோ என்பது அண்ணன் வைத்த பெயர். பத்து வயதில், அண்ணன் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் கண்ணாமூச்சி ஆடும்போது ஒரு பழைய காரின் டிக்கிக்குள் ஒளிந்தாள். மூடி பூட்டிக்கொண்டது. இருட்டில் அவளுக்கு அழத் தோன்றவில்லை. பேசத்தான் தோன்றியது. வாய்க்கு வந்ததையெல்லாம் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அந்தக் குரலை வைத்துத்தான் அண்ணன் கண்டுபிடித்தான். கடப்பாரையால் பூட்டை நெம்பி உடைத்து, அவளைத் தூக்கி வெளியே வைத்து, முதலாளியிடம் வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, "எத்தனை மணிக்குடி இந்த ரேடியோ நிக்கும்?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து மூடிய இடம் என்றால் அவள் வாய் தானாகத் திறந்துகொள்ளும். கேட்பவர்கள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை.

இன்று அந்த அண்ணன்தான் உள்ளே இருந்தான். போலீஸ் ஸ்டேஷனில், கம்பிக்குப் பின்னால்.

நான்கு நாட்களுக்கு முன், இதே படகுத்துறையின் சரிவில், இதே டிரெய்லரின் இடது சக்கரம் கழன்றது. டிரெய்லர் சாய்ந்தது. ஒரு டன் படகு சரிந்ததில், துறையின் சொந்தக்காரர்களான அண்ணன் தம்பி இருவரில் தம்பி அடியில் சிக்கிச் செத்துப் போனார். துறையில் வேலை செய்பவர்கள் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும்தான் சொல்வார்கள். அந்த விபத்துக்கு இரண்டு நாள் முன்னால் டிரெய்லரின் ஹப் இரண்டையும் போல்ட்டிலிருந்து ஸ்டட்டுக்கு மாற்றிக் கொடுத்தவன் ரேடியோவின் அண்ணன். போலீஸ் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிட்டது. மெக்கானிக் மாற்றினான், நட்டுகளை முறுக்க மறந்தான்.

அதைவிட மோசம், அண்ணன் அதை மறுக்கவில்லை.

"முறுக்கினியா இல்லையா, அதைச் சொல்லு," என்று நேற்று அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"வலது பக்கம் முறுக்கினது நல்லா ஞாபகம் இருக்குடி. இடது பக்கம் மாட்டும்போது போன் வந்துச்சு. பேசிட்டு வந்தேன். அதுக்கு அப்புறம் என்ன பண்ணேன்னு எவ்வளவு யோசிச்சாலும் வரல."

"மஞ்சக் கோடு போட்டியா?"

"ஞாபகம் இல்ல. நான்தான் விட்டிருப்பேன். ஒரு உசுரு போயிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா உக்காரறேன்."

கையெழுத்து இன்று மாலை ஐந்து மணிக்கு. அண்ணியிடம்கூடச் சொல்லாமல் அண்ணனே கேட்டு வாங்கிய நேரம் அது. துப்பறிவாளரின் கைக்கடிகாரத்தில் இப்போது மூன்றே கால்.

கொட்டகை நீளத்தில் பன்னிரண்டு தப்படி, அகலத்தில் ஆறு தப்படி. தகரக் கூரை. ஜன்னல் கிடையாது. கூரைக்குச் சற்றுக் கீழே தட்டு அளவில் ஒரு காற்றுத் துளை. படகு கழுவும் தண்ணீர் வெளியே ஓடுவதற்காகத் தரை வாசல் பக்கம் சரிந்திருந்தது. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் வந்த வெளிச்சம்தான் உள்ளே இருந்த வெளிச்சம்.

"போனைக் கார்ல வச்சுட்டு வரச் சொன்னது யாரு சார்?"

"போன தடவை அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருந்தப்ப, உன் போன்ல குழந்தை அழுதுச்சு."

"அது ரிங்டோன். அதை வச்சுத்தானே திருடன் பயந்து ஓடினான்?"

"நம்ம பக்கமா ஓடினான்."

வெளியே ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். ஷட்டருக்கு நேர் எதிரே அது நின்றது. யாரோ மெதுவாக, ஒரு காலை முதலில் நீட்டி, பிறகு பாரத்தை இறக்கி உட்கார்ந்தார்கள். இடைவெளி வழியாக ரேடியோவுக்கு ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. வலது கால் மடங்கி இருந்தது. இடது கால் கட்டை போல நீண்டு கிடந்தது.

"பெரியவரா?" என்று கூப்பிட்டாள்.

"அஞ்சரைக்குத் திறந்து விடறேன்மா." களைத்த குரல். கோபமே இல்லை. "உள்ள தண்ணி பாட்டில் இருக்கு. பயப்படாதீங்க."

"படுக்கை வசதி உண்டா, இல்ல உக்காந்தேதானா?"

அந்தக் குரலின் மரியாதைதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. திட்டுகிற ஆளிடம் எதிர்த்துப் பேசலாம். தண்ணீர் வைத்துவிட்டுப் பூட்டுகிற ஆளிடம் என்ன பேசுவது?

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், விஷயம் முடிஞ்சது. தம்பியைக் கொன்னவர் இவர்தான். அஞ்சு மணிக்கு எங்க அண்ணன் கையெழுத்துப் போட்டதும் இந்த டிரெய்லர் காயலான் கடைக்குப் போகும். வாட்ச்மேன்தான் சொன்னாரே, லாரி ஏற்பாடு பண்ணியாச்சுன்னு."

"ம்."

"இந்த 'ம்' சரிங்கற 'ம்'மா, வாயை மூடுங்கற 'ம்'மா?"

"இங்க வந்து பாரு."

அவள் குனிந்தாள். துருவும் உப்பும் பூத்த ஹப்பின் முகத்தில் ஐந்து ஸ்டட்கள் புத்தம் புதிதாக நீட்டிக்கொண்டிருந்தன. அண்ணனின் வேலை. முன்பு அந்த ஐந்து துளைகளிலும் போல்ட் இருந்தது. போல்ட் என்றால் சக்கரத்தை மாட்டுவதே ஒரு தண்டனை. கனமான சக்கரத்தை முழங்காலில் தாங்கி, சக்கரத்தின் துளையும் ஹப்பின் துளையும் நேராக வரும்வரை நகர்த்தி நகர்த்தி, ஒற்றைக் கையால் போல்ட்டை உள்ளே விட வேண்டும். கொஞ்சம் நழுவினால் விரல் காலி. ஸ்டட் என்பது தலையில்லாத கம்பி. பசை தடவி ஹப்பிலேயே நிரந்தரமாக முறுக்கி விட்டால், அதற்குப் பிறகு சக்கரத்தை ஆணியில் சட்டை மாட்டுவது போல மாட்டி, மேலே நட்டைப் போட்டால் போதும்.

"என்ன தெரியுது?"

"நட்டு ஒண்ணுகூட இல்ல. அதான் தெரிஞ்ச கதையாச்சே."

"நுனியைப் பாரு."

பார்த்தாள். ஐந்து ஸ்டட்களின் நுனியிலும் மெல்லிய மஞ்சள் கீற்று.

அண்ணன் ஒரு நட்டை முழு இறுக்கம் முறுக்கிய பிறகுதான் மஞ்சள் பெயின்டைத் தொடுவான். நட்டின் மேலும் ஸ்டட்டின் நுனியிலும் சேர்த்து ஒரே இழுப்பில் ஒரு கோடு. பின்னால் நட்டு லேசாகத் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வரிசையை மாற்ற மாட்டான். முறுக்கு, பிறகு கோடு.

"முறுக்கியிருக்கான்," என்றாள். "சார், முறுக்கியிருக்கான். மறந்துட்டு, மறந்ததையே மறந்துட்டு..."

"போலீஸ் என்ன சொல்லும்?"

"சும்மா கோடு மட்டும் போட்டான்னு சொல்லும்."

"ஒர்க்‌ஷாப்ல இருந்து துறைக்கு எவ்வளவு தூரம்?"

"முப்பது கிலோமீட்டர். விபத்து அன்னிக்குத்தான் வண்டியை எடுத்துட்டு வந்தாங்க."

"லூஸா விட்ட சக்கரம் முப்பது கிலோமீட்டர் ஆடிக்கிட்டே வந்தா?"

அவள் விரலால் ஸ்டட்டின் திருகு மரையைத் தடவினாள். கூர் குறையாமல், நகத்தைக் கீறும் அளவுக்குப் புதிதாக இருந்தது. "மரையெல்லாம் மழுங்கி மொட்டையாயிருக்கும். இது கடையில வாங்கின மாதிரியே இருக்கு."

"அப்ப நட்டு ரோட்டுல கழலல. இங்க வந்த பிறகு, ஒருத்தர் கையால கழட்டியிருக்கார். அரை மணி நேரம் இருந்திருக்கு."

அந்த அரை மணி நேரம் அவளுக்கும் தெரியும். ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும். சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சி பேரிங் போய்விடும். அதனால் படகு இறக்குபவர்கள் சரிவின் தலைப்பில் டிரெய்லரை நிறுத்திவிட்டு, ஹப் ஆறும்வரை காத்திருப்பார்கள். டீ குடிப்பார்கள்.

"வாட்ச்மேனோட டீ குடிச்சது யாரு, வண்டிகிட்ட நின்னது யாரு?" என்றார் துப்பறிவாளர்.

"அவர் சொல்லலையே. நாம கேக்கலையே." ரேடியோ பல்லைக் கடித்தாள். "இனிமே கேக்கணும்னா இங்கிருந்து வெளிய போகணும். எனக்கு ஒரு யோசனை. தரை சரிவு வாசல் பக்கம். ஒரு டன் படகு. இந்தச் சக்கரத்தை மாட்டிட்டு, முட்டுக்கட்டையை உதைச்சா, டிரெய்லர் நேரா போய் ஷட்டரைக் கிழிச்சுட்டுப் போயிடும். எப்படி?"

துப்பறிவாளர் வெகுநேரம் டிரெய்லரைப் பார்த்தார். அவருடைய மௌனங்களில் பல வகை உண்டு. இது மறுக்காத வகை.

கழன்ற சக்கரம் சுவரில் சாய்ந்து கிடந்தது. இடது அச்சு ஏற்கெனவே ஜாக்கியில் நின்றது. குறை, நட்டு மட்டும்தான்.

"வலது சக்கரத்துல அஞ்சு இருக்கு," என்றாள் ரேடியோ. "ரெண்டு கடன் வாங்கிக்கலாம். நாலு எட்டு ஓடறதுக்கு ரெண்டே போதும். ஆனா எங்க அண்ணன் முறுக்கினது, கையால வராது. ஸ்பேனர் வேணும். பழைய போல்ட்டோட ஸ்பேனர் இதுக்குச் சேராதுன்னு புதுசு ஒண்ணு குடுத்தனுப்பினான். அது இங்கதான் எங்கயாவது இருக்கணும்."

சுவரில் தேடினார்கள். ஆணிக்கு ஆணி கம்பி வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் ஒரே அளவு நட்டுகள், வாஷர்கள், கொக்கிகள் கோத்துத் தொங்கின. வளையத்தின் முனைகளை மூன்று முறுக்கு முறுக்கி, கூர் நுனியைக் கையைக் கிழிக்காதபடி உள்ளே மடித்து விட்டிருந்தார்கள். வரும்போதே வாட்ச்மேன் காட்டியிருந்தார். எதைக் கழற்றினாலும் சின்னவர் உடனே கம்பியில் கோத்துவிடுவார். இருபது வருஷத்தில் இந்தத் துறையில் ஒரு வாஷர்கூடத் தொலைந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார்.

ஸ்பேனர் இல்லை.

"படகுக்குள்ள," என்றார் துப்பறிவாளர்.

ரேடியோ படகின் விளிம்பில் கால் வைத்து ஏறினாள். கூரை இப்போது தலைக்கு மிக அருகில் இருந்தது. தகரம் மூச்சு விடுவது போல வெப்பம். "இதுல ஒரு ஃபேன் மாட்டியிருந்தா வாடகைக்கே விடலாம்," என்று யாருக்கோ சொன்னாள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கதவு வைத்த ஒரு பெட்டி. துழாவினாள். கயிறு, விசில், ஒரு மிதவைச் சட்டை. சட்டைக்குள் சுருட்டி வைத்தபடி ஸ்பேனர்.

"கிடைச்சது!" என்று அதை இழுத்தாள். சட்டைப் பையில் வேறு எதுவோ கிலுங்கியது.

பையில் கை விட்டவள் அப்படியே நின்றாள்.

"ரேடியோ?"

அவள் கீழே இறங்கி, ஷட்டர் இடுக்கு வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்தாள். ஒரு கம்பி வளையம். அதில் ஐந்து நட்டுகள். ஒவ்வொன்றின் முகத்திலும் பாதி மஞ்சள் கோடு.

"யாரு சட்டை?"

"பின்னாடி எழுதியிருக்கு. சின்னவர்னு." அவளுக்கு வாய் திரும்பியது. "கழட்டினது பெரியவர், தம்பி பையில போட்டு வச்சுட்டார். என்ன கொழுப்பு பாருங்க."

துப்பறிவாளர் வளையத்தை வாங்கவில்லை. சுட்டு விரலால் முனையை மட்டும் காட்டினார். மூன்று முறுக்கு. நுனி உள்ளே மடிந்திருந்தது.

சுவரில் தொங்கிய வளையங்களை அவள் பார்த்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள்.

"அப்படின்னா சின்னவரே கழட்டியிருக்கார்," என்றாள். "கடல்ல வீசியிருந்தா ஒரு பய கண்டுபிடிச்சிருக்க முடியாது. கோத்து வச்சிருக்கார் மனுஷன். கை அதுபாட்டுக்கு அதோட வேலையைப் பண்ணியிருக்கு. ஆனா சார், தான் சாகறதுக்குத் தானே ஒருத்தர் நட்டு கழட்டுவாரா?"

"சக்கரத்தை மாட்டுவோம்."

இரண்டு பேரும் சக்கரத்தைத் தூக்கினார்கள். இருட்டில் துளைகள் தெரியவில்லை. தடவிப் பார்த்து ஒரு ஸ்டட்டின் மேல் ஏற்றியதும் மற்ற நான்கும் தாமாக வந்து பொருந்தின.

"கையை எடு," என்றார் துப்பறிவாளர்.

"நட்டு போடலையே. விழும்."

"எடு."

எடுத்தாள். சக்கரம் விழவில்லை. ஒரு நட்டுகூட இல்லாமல், ஐந்து ஸ்டட்களின் மேல் அப்படியே தொங்கியது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டும் ஆகியிருக்கலாம். வெளியே நாற்காலி ஒரு தடவை முனகியது. ரேடியோ வாய் வரை வந்த மூன்று நக்கல்களை விழுங்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"சின்னவர் இருபது வருஷம் போல்ட்டோட பழகினவர்," என்றார் கடைசியில். "போல்ட்டைக் கழட்டிட்டு வண்டியை ஒரு அடி நகர்த்தினா என்ன ஆகும்?"

"அங்கேயே சக்கரம் விழுந்துடும்."

"சரிவு ஆரம்பிக்கிற இடத்துல, இடது பக்கத்துல, தினமும் நின்னு கை காட்டறது யாரு?"

அவள் ஷட்டருக்கு அடியில் தெரிந்த செருப்புகளைப் பார்த்தாள்.

"வண்டி ஓட்டறது எப்பவும் சின்னவர்," என்றார். "வாட்ச்மேன் வரும்போதே சொன்னார். பெரியவருக்கு இடது கால் மடங்காது, கிளட்ச் மிதிக்க முடியாது. ஆனா போலீஸ்ல எழுதியிருக்கறது என்ன? அன்னிக்கு டிரெய்லரை இழுக்கிற ஜீப்ல உக்காந்திருந்தது பெரியவர். செத்தது இடது பக்கம் நின்ன சின்னவர். நேத்து அதைப் படிச்சதுல இருந்து எனக்கு அதுதான் உறுத்திக்கிட்டே இருக்கு. ஏன் இடம் மாறினாங்க?"

ரேடியோ மெதுவாகச் சொன்னாள். "சக்கரம் விழல. அதனால."

"விழும்னு நினைச்ச இடத்துல விழல. அடுத்த அடியிலயும் விழல. தண்ணி வரைக்கும் தொங்கிக்கிட்டே போச்சு. அவருக்கு ஒண்ணும் புரியல. ஜீப்பை நிறுத்திட்டு, இறங்கி வந்து, குனிஞ்சு பாத்தார்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஷட்டருக்கு வெளியே இருந்த மூச்சுச் சத்தம் நின்றுபோயிருந்தது.

மணி நான்கே கால்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். ரேடியோ வலது சக்கரத்தில் இரண்டு நட்டுகளைக் கழற்றினாள். வளையத்தில் இருந்தவற்றைத் தொடவில்லை, அவை சாட்சி. இடது சக்கரத்தில் எதிரெதிராக இரண்டையும் மாட்டி இறுக்கினாள். துப்பறிவாளர் ஜாக்கியை இறக்கினார். டிரெய்லர் பெருமூச்சு விட்டு இரண்டு சக்கரத்திலும் நின்றது. முட்டுக்கட்டை ஒன்றுதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைக்கு மேல் ஓங்கினாள்.

"பெரியவர் எங்க இருக்கார்?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

ஓங்கிய கை நின்றது. செருப்புகள் அதே இடத்தில், ஷட்டருக்கு நேர் எதிரே.

"ஐயா!" என்று கத்தினாள். "எழுந்து தள்ளிப் போங்க! டிரெய்லரை விடப் போறேன்! ஷட்டரோட சேர்ந்து உங்க மேலயே வரும்!"

செருப்புகள் அசையவில்லை.

"விடும்மா," என்றது குரல்.

"விளையாடறீங்களா? ஒரு டன் படகு!"

"எனக்குத் தெரியாதா? எம் படகுதானே." நாற்காலி கிரீச்சிட்டது. "உங்க சார் சொன்னதெல்லாம் கேட்டுச்சு. அவர் பாதிதான் சொன்னார். அவன் இறங்கி வந்து, நீ போய் உள்ள உக்காரு அண்ணா, நான் பாக்கறேன்னான். உக்காந்தேன். கொஞ்சம் முன்னால எடுன்னான். எடுத்தேன். காலு மடங்கல, கிளட்ச்சு விட்டுப் போச்சு, வண்டி குதிச்சுது. அவ்வளவுதான். சக்கரம் கழண்டு உருண்டு தண்ணி ஓரமா விழுந்துச்சு. ஒரு நட்டு இல்ல. சரிவு பூரா தேடினேன். இல்ல. அப்பவே தெரிஞ்சுபோச்சு. படகுக்குள்ள மட்டும் தேடல. தேட தைரியம் வரல."

"தெரிஞ்சும் எங்க அண்ணனை உள்ள தள்ளினீங்களா?"

"உங்க அண்ணன் கவனக்குறைவு கேஸ்னு வெளிய வந்துடுவார்மா. எந்தம்பி பேரு வெளிய வராது. செத்தவனை மறுபடியும் எப்படிக் கொல்றது?"

ரேடியோவின் கை இன்னும் ஓங்கியபடியே இருந்தது. நான்கு இருபத்தைந்து. ஸ்டேஷன் பத்து நிமிட ஓட்டம். ஒரே ஒரு உதை. டிக்கியின் இருட்டு நினைவுக்கு வந்தது. வெளியே கடப்பாரையின் சத்தம். மறுபக்கத்தில் அவள் தலை எங்கே இருக்கிறது என்று தெரியாததால், அண்ணன் அன்று ஓங்கி அடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினான். கை தோலெல்லாம் உரிந்து போயிருந்தது.

ஸ்பேனரைத் தரையில் வைத்தாள். போய் ஷட்டருக்கு அருகே, செருப்புகளுக்கு இந்தப் பக்கம், முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். தகரம் வெயிலில் எப்போதாவது ஒரு முறை டக்கென்றது.

துப்பறிவாளர் அவள் முன் கையை நீட்டினார். "அந்த வளையத்தைக் குடு."

"சார், நமக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா எங்க அண்ணன்..."

"தெரியும்."

அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் திட்டம் எதுவும் தெரியவில்லை. அதனால்தான் கொடுத்தாள்.

அவர் குனிந்து, கம்பி வளையத்தை இடைவெளி வழியாக வெளியே தள்ளினார். நட்டுகள் தரையில் உரசின. சுருக்கம் விழுந்த ஒரு கை வந்து அதை எடுத்துக்கொண்டது.

நட்டுகள் ஒவ்வொன்றாகக் கிலுங்கின.

"மூணு முறுக்கு," என்றார் பெரியவர் தமக்குத்தாமே. பிறகு, "ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பழைய போல்ட்டே இருந்திருந்தா?"

"நீங்க இருந்திருக்க மாட்டீங்க," என்றார் துப்பறிவாளர்.

"மாத்தச் சொன்னதே நான்தான். போன மாசம் சக்கரம் மாட்டும்போது அவனுக்கு விரல் நசுங்கிச்சு. ரத்தம் நிக்கவே இல்ல. ஊருக்குப் போயிருந்தான், திரும்பி வரதுக்குள்ள மாத்தி வச்சேன். அவனுக்குச் சுலபமா இருக்கட்டும்னு." குரல் உடைந்தது. "இந்தத் துறையை வித்துடலாம்னு சொன்னேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியாண்ணா அப்படின்னான். நான் பதில் சொல்லல. எந்நாளும் சொன்னதில்ல."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. செருப்புகள் எழுந்தன. ஒன்று நடந்தது, ஒன்று இழுபட்டது. அவை வாசலை விட்டு விலகி, தண்ணீர் இருக்கும் திசையில் போயின.

"வீசப் போறார்," என்றாள் ரேடியோ. "சார், வீசப் போறார்."

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றார். இப்போது வழி காலியாகியிருந்தது. வாசலுக்கு நேரே யாரும் இல்லை. முட்டுக்கட்டையை உதைக்கலாம். ரேடியோ அதைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். ஆனால் நட்டுகள் தண்ணீருக்குள் போன பிறகு வெளியே போய் என்ன செய்வது?

தண்ணீரில் எதுவும் விழும் சத்தம் கேட்கவில்லை.

நடந்த செருப்பும் இழுபட்ட செருப்பும் திரும்பி வந்தன. பூட்டுக்குள் சாவி திரும்பியது. முதல் முறை கேட்ட அதே சின்னச் சத்தம்தான். ஷட்டர் முழங்கால் உயரம் எழுந்து, இடுப்பு உயரம் எழுந்து, வெளிச்சம் மொத்தமாக உள்ளே கொட்டியது. ரேடியோ கண்ணை மூடிக்கொண்டு காற்றை இழுத்தாள்.

பெரியவர் அவள் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். இடது கையில் கம்பி வளையத்தை மணிக்கட்டு வரை மாட்டியிருந்தார், ஐந்து நட்டுகளும் கீழே தொங்க. வலது கையில் ஜீப் சாவி. துப்பறிவாளரின் கடிகாரத்தில் நான்கு நாற்பத்தொன்று.

சாவியை அவளிடம் நீட்டினார்.

"ஸ்டேஷனுக்கு நீ ஓட்டும்மா. எனக்குக் கால் மடங்காது."